கதையில் இருப்பதும் கணக்கில் வருவதும்: ‘மோரிபிதோ’ அனிமே வழியாகப் பிரதிநிதித்துவம்

சின்ன வயதில் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடியவர்களுக்கு ‘ஒப்புக்கு’ என்ற சொல் தெரிந்திருக்கும். பெரிய பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும்போது நாலு வயதுத் தம்பி ஒருவன் அழுதுகொண்டு வந்து நிற்பான். “சரி, அவனையும் ஒப்புக்குச் சேத்துக்கலாம்” என்பார்கள். அவனும் எல்லாரோடும் ஓடுவான், கத்துவான், ஒளிந்துகொள்வான். ஆனால் அவனைத் தொட்டால் அவன் அவுட் இல்லை. அவன் போய் யாரையாவது தொட்டாலும் அவர்கள் அவுட் இல்லை. ஆட்டத்தில் இருக்கிறான், ஆட்டக் கணக்கில் இல்லை.

அனிமே, அதாவது ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களின் ரசிகர்கள் கூடிப் பேசும்போது ‘பிரதிநிதித்துவம்’ என்ற சொல் அடிபட்டால் எனக்கு அந்தத் தம்பிதான் ஞாபகத்துக்கு வருவான். ஒரு தரப்பு, “இந்தத் தொடரில் பெண் நாயகி இருக்கிறாள், கறுத்த நிறப் பாத்திரங்கள் இருக்கின்றன, அதனால் நல்ல தொடர்” என்கிறது. எதிர்த்தரப்பு, “மாயாஜாலக் கதையில் போய் இதையெல்லாம் எண்ணிக்கொண்டு இருக்கணுமா?” என்று எரிச்சல்படுகிறது. இரண்டு தரப்புக்கும் அந்தச் சொல் தலை எண்ணிக்கையாகத்தான் தெரிகிறது. ஒருவருக்கு அந்த எண்ணிக்கை பிடிக்கிறது, இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குள் எவ்வளவு சுவாரஸ்யமான விஷயம் இருக்கிறது என்பது பேச்சிலேயே வராமல் போய்விடுகிறது. எனக்கு மிகப் பிடித்த ஒரு தொடரை வைத்து அதை விளக்கிப் பார்க்கிறேன். கதையின் முடிவு வரை பேச வேண்டியிருக்கும். பார்த்துவிட்டுத்தான் படிப்பேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எந்தத் தொடர்?

2007-இல் ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சியில் வெளிவந்த ‘செய்ரெய் நோ மோரிபிதோ’. ‘ஆவியைக் காப்பவர்’ என்று தமிழில் சொல்லலாம். 26 அத்தியாயங்கள். புரொடக்‌ஷன் ஐ.ஜி. நிறுவனம் தயாரித்தது, கென்ஜி கமியாமா இயக்கினார். மூலக்கதை நஹோகோ உயெஹாஷி 1996-இல் எழுதிய நாவல். நீளமான ஒரு நாவல் வரிசையின் முதல் புத்தகம் அது. சிறுவர் இலக்கியத்தில் உலக அளவில் பெரிதாக மதிக்கப்படும் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது 2014-இல் அவருக்குக் கிடைத்தது. உயெஹாஷிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அவர் மானிடவியல் ஆய்வாளர். மனிதக் கூட்டங்கள் எப்படி வாழ்கின்றன, எதை நம்புகின்றன என்பதை அவர்களோடு பழகி, பக்கத்தில் இருந்து படிக்கும் துறைக்குத்தான் மானிடவியல் என்று பெயர். அவர் பழகியது ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களோடு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கதை இது. புதிய யோகோ என்று ஒரு பேரரசு. அதன் இளவரசன் சாகுமு, சிறுவன். அவன் உடம்புக்குள் ஒரு நீர் ஆவி தன் முட்டையை இட்டிருக்கிறது. அந்தப் பேரரசை நிறுவிய டோர்கல் என்ற முன்னோர் ஒரு நீர்ப் பேயைக் கொன்று நாட்டைக் காப்பாற்றியவர் என்பது அரச வரலாறு. அப்படிப்பட்டவருடைய வம்சத்துப் பையனுக்குள்ளேயே நீர்ப் பேய் புகுந்துவிட்டது என்று வெளியே தெரிந்தால் அரசகுலத்தின் புனிதமே போச்சு. அதனால் பேரரசர் பெற்ற மகனையே ரகசியமாகக் கொல்லப் பார்க்கிறார். பையனின் தாயான இரண்டாம் அரசி, ஊர் ஊராகத் திரியும் ஒரு மெய்க்காப்பாளரிடம் அவனை ஒப்படைக்கிறாள். அந்த மெய்க்காப்பாளர்தான் பால்சா. முப்பது வயதுப் பெண், கையில் ஈட்டி, பக்கத்து மலைநாடான கன்பாலிலிருந்து சிறுமியாக இருந்தபோதே தப்பி வந்தவள்.

பிரதிநிதித்துவம் என்றால் என்ன?

கதைக்குள் ஒரு மக்கள் கூட்டம் எப்படிக் காட்டப்படுகிறது என்பதுதான் பிரதிநிதித்துவம். ‘எத்தனை பேர்’ என்று கேட்பது அதில் முதல் படி மட்டுமே. ‘எப்படி’ என்று கேட்கும்போதுதான் விஷயம் தொடங்குகிறது.

ஒரு கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். மாப்பிள்ளை, பெண், சம்பந்தி, சித்தி, பெரியப்பா எல்லாரும் இருப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஆயிரம் பேருக்குச் சமைத்தவர் எத்தனை படத்தில் இருப்பார்? பந்திப் படத்தின் ஓரத்தில் வாளியோடு போகும் ஒரு கை தெரிந்தால் உண்டு. இப்போது யாராவது வந்து “சமையல்காரரும் ஆல்பத்தில் இருக்கிறாரே, இதோ கை தெரிகிறதே” என்றால் அது உண்மைதான், ஆனால் ஆல்பத்தைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்லவில்லை. யாரை நடுவில் வைத்தார்கள், யார் நின்ற பக்கத்திலிருந்து கேமராவைப் பிடித்தார்கள், யார் அசைந்தால் படம் திரும்ப எடுக்கப்பட்டது என்று கேட்டால்தான் அந்தக் கல்யாண வீட்டின் வரிசை தெரியவரும்.

கதையும் அப்படித்தான். ஒரு பாத்திரம் கதைக்குள் இருக்கிறது என்பதோடு நிற்காமல், அந்தப் பாத்திரம் எடுக்கும் முடிவால் கதை திரும்புகிறதா, அதன் கண் வழியாக நாம் எதையாவது பார்க்கிறோமா, அதற்குத் தெரிந்த ஒன்று இல்லாமல் கதை முடியாது என்ற நிலை வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றுக்கும் இல்லை என்றால் அந்தப் பாத்திரம் ஒப்புக்குச் சேர்த்த தம்பிதான். அப்படிக் கணக்குக் காட்டுவதற்காக மட்டும் ஒருவரைச் சேர்த்துக்கொள்வதை இந்தக் கட்டுரையில் ‘ஒப்புச்சேர்க்கை’ என்று சொல்கிறேன்.

சுருக்கமாக: ஆள் இருப்பது பிரதிநிதித்துவத்தின் வாசல்படி. முடிவு, பார்வை, அறிவு இந்த மூன்றில் பங்கு இருக்கிறதா என்பதுதான் வீட்டுக்குள் நுழைவது.

பால்சா: ஈட்டி பிடித்த பெண் என்பது போதுமா?

தொடரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில், “நாயகி செம ஸ்ட்ராங்” என்பதுதான். உண்மை. ஆரம்ப அத்தியாயங்களில் பேரரசரின் ஆட்களோடு நெல்வயலில் நடக்கும் சண்டையை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் பலமான பெண் என்பது அனிமேயில் புதிதல்ல. வாளெடுத்தவள், துப்பாக்கி எடுத்தவள் என்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பதினாறு, பதினேழு வயதில் நின்றுவிட்டவர்கள். சண்டையின் நடுவிலும் கேமரா அவர்கள் உடம்பை மேய்ந்துகொண்டிருக்கும். கை பலமாக இருக்கும், பார்வை வேறு யாருடையதாகவோ இருக்கும்.

பால்சாவுக்கு வயது தெரிகிறது. தோள் அகலமாக இருக்கிறது, முகத்தில் வெயில் இருக்கிறது. அடிபட்டால் நாள்கணக்கில் படுத்துக் கிடக்கிறாள். அவள் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு காட்சிகூட வளைக்கப்படவில்லை. தொடரின் 26 அத்தியாயங்களில் சண்டை வருவது கொஞ்சம்தான். பெரும்பகுதி, ஒரு நீராலையில் (ஓடும் நீரால் சுழலும் அரைவை ஆலை) ஒளிந்துகொண்டு ஒரு பெண் ஒரு பையனை வளர்ப்பது. அரிசி வாங்குகிறார்கள், விறகு சேர்க்கிறார்கள், சாகுமு அரண்மனைப் பேச்சை விட்டு ஊர்ப் பேச்சைப் பழகுகிறான்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அவளுடைய பழைய கதை. பால்சாவின் அப்பா கன்பால் அரசரின் மருத்துவர். அரண்மனைச் சதியில் அவர் சிக்கிக்கொள்ள, சிறுமி பால்சாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அப்பாவின் நண்பர் ஜிகுரோ, நாட்டின் தலைசிறந்த ஈட்டி வீரர். தன்னைத் தேடி வந்த எட்டுப் பேரை அவர் கொல்ல வேண்டியிருந்தது. எட்டுப் பேரும் அவருடைய தோழர்கள். அந்த எட்டு உயிருக்கு ஈடாக எட்டு உயிரைக் காப்பாற்றுவேன் என்று பால்சா முடிவெடுத்திருக்கிறாள். சாகுமு அந்த எட்டாவது உயிர்.

இங்கே நடந்திருப்பதைக் கவனியுங்கள். குழந்தை வளர்ப்பு பெண்ணுக்கு, சண்டை ஆணுக்கு என்ற பிரிவினையைத் தொடர் திருப்பிப் போடவில்லை, கலைத்துவிடுகிறது. ஒரு ஆண் ஒரு பெண் குழந்தையை வளர்த்தார், ஈட்டியையும் கற்றுக்கொடுத்தார். அந்தப் பெண் இப்போது ஒரு ஆண் குழந்தையை வளர்க்கிறாள். காயத்துக்கு மருந்து கட்டுவது, கஞ்சி காய்ச்சுவது, அவள் திரும்பி வரும்வரை காத்திருப்பது எல்லாம் டாண்டா என்ற மூலிகை வைத்தியனின் பங்கு. இதை யாரும் வசனமாகப் பேசுவதில்லை. அவர்கள் வாழ்க்கை அப்படி இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு காட்சி. இரண்டாம் அரசி பால்சாவை அரண்மனைக்கு அழைக்கிறாள். மகனை ஆற்றிலிருந்து காப்பாற்றியதற்கு நன்றி சொல்லத்தான் அழைப்பு. விருந்து கிடைக்கிறது, குளியல் கிடைக்கிறது. அப்புறம்தான் உண்மையான வேண்டுகோள் வருகிறது. ரகசியத்தைக் கேட்டாகிவிட்டது, இனி மறுத்தாலும் சாவு, ஒப்புக்கொண்டாலும் சாவு. பால்சாவுக்கு வரும் கோபம் நியாயமானது. மேலே இருப்பவரின் கண்ணீர்கூடக் கீழே இருப்பவரின் உயிரை விலையாகக் கேட்கும் என்பதைத் தொடர் முதல் அத்தியாயத்துக்குள்ளேயே காட்டிவிடுகிறது. அரசியும் கெட்டவள் இல்லை, பிள்ளையைக் காப்பாற்றத் துடிக்கும் தாய்தான். ஆனால் பெரிய இடத்தில் இருந்தே பழகியவள்.

யாக்கூ: யாருக்குத் தெரிந்தது அறிவு?

இப்போது கதையின் இதயத்துக்கு வருவோம்.

யோகோ மக்கள் அந்த நிலத்துக்கு வந்து சுமார் இருநூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. தெற்கே இருந்த பழைய நாட்டிலிருந்து டோர்கல் தலைமையில் வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் யாக்கூ என்ற மக்கள். தோல் கறுத்தவர்கள். இப்போது மலையோரச் சிற்றூர்களில் இருக்கிறார்கள், யோகோக்களோடு கலந்தும் வாழ்கிறார்கள். டாண்டாவின் உடம்பிலும் யாக்கூ ரத்தம் ஓடுகிறது.

அரச வரலாற்றில் யாக்கூ மக்கள் வருகிறார்கள். இல்லாமல் இல்லை. நீர்ப் பேய் பிடித்த குழந்தை ஒரு யாக்கூக் குழந்தைதான். பேய்க்குப் பயந்து நடுங்கிய மக்கள் யாக்கூக்கள், அவர்களைக் காப்பாற்றியவர் டோர்கல். ஆண்டுதோறும் அந்த வெற்றியை விழாவாகக் கொண்டாடுகிறார்கள். பாருங்கள், அரச வரலாறே ஒரு ஒப்புச்சேர்க்கை. யாக்கூக்கள் கதையில் இருக்கிறார்கள், காப்பாற்றப்படுவதற்காக மட்டும் இருக்கிறார்கள்.

ஆனால் யாக்கூக்களிடம் வேறொரு கதை இருந்தது. நாம் பார்க்கும் உலகத்தோடு இன்னொரு உலகமும் ஒட்டி இருக்கிறது, அதற்கு அவர்கள் வைத்த பெயர் நயூகு. நூறு ஆண்டுக்கு ஒருமுறை நியுங்கா ரோ இம் என்ற நீர்க் காவலன் ஒரு குழந்தைக்குள் முட்டை இடும். முட்டை பொரிந்து வளர்ந்தால்தான் மேகம் வரும், மழை வரும். முட்டையைத் தின்ன வரும் ராருங்கா என்ற உயிர்தான் ஆபத்து. ஆக, சாகுமுவுக்குள் இருப்பது பேய் இல்லை. அடுத்த நூறாண்டு மழை. அரசவை அதைக் கொன்றுவிட்டால் நாடு வறண்டுபோகும்.

இதை எப்படிச் சமாளிப்பது என்று தெரிந்தவர்கள் யாக்கூக்கள். அதனால் எல்லாரும் அவர்கள் ஊருக்குப் போகிறார்கள். அங்கேதான் தொடர் என்னை உலுக்கியது. யாக்கூக்களே மறந்துவிட்டார்கள். பெரியவர்களுக்குக்கூடத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. தங்கள் சொந்தக் கதையை அரச வரலாற்றின் கண் வழியாகவே அவர்களும் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். எஞ்சியிருப்பது பாட்டு. நாஹ்ஜி என்ற பறவையைப் பறந்து போகச் சொல்லும் ஒரு விழாப் பாட்டு. பாடுபவர்களுக்கே பொருள் தெரியாது. கடைசியில் அந்தப் பாட்டுதான் வழிகாட்டி. சாகுமு முட்டையை எறிய, நாஹ்ஜி அதைக் கவ்விக்கொண்டு கடலை நோக்கிப் பறக்கிறது.

எழுத்தில் வைக்காமல் பாட்டாகவும் கதையாகவும் சடங்காகவும் தலைமுறை தாண்டி வருவதை வாய்மொழி மரபு என்பார்கள். மாயாஜாலக் கதைகளில் வாய்மொழி மரபு அலங்காரத்துக்காகத்தான் அதிகம் வரும், பின்னணியில் ஒரு பறை, ஒரு நடனம் என்று. இங்கே அந்தப் பாட்டைத் தூக்கிவிட்டால் கதை முடியாது. மன்னன் மகன் சாவான், மழை வராது. யாக்கூக்களின் அறிவுக்குக் கதையில் அவ்வளவு எடை. நான் சொன்ன மூன்றில் மிகவும் அரிதாகக் கிடைப்பது இதுதான்: யாருடைய அறிவு கதையின் முடிச்சை அவிழ்க்கிறது என்பது.

சுருக்கமாக: அரச வரலாற்றில் யாக்கூக்கள் ஒப்புக்கு இருக்கிறார்கள். தொடரின் கதையில் அவர்களுக்குத் தெரிந்ததுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. ஒரே மக்கள், இரண்டு விதமான பிரதிநிதித்துவம், இரண்டும் ஒரே தொடருக்குள்.

மறதி எப்படி நடந்தது?

யாக்கூக்களின் புத்தகங்களை யாரும் எரிக்கவில்லை. அவர்கள் பாடக்கூடாது என்று சட்டமும் போட்டதாகக் காட்டவில்லை. கலப்பு மணம் நடந்தது, விளைநிலம் கைமாறியது, அவர்களுடைய பழைய விழாவின் மேல் புதிய அரச விழா வந்து உட்கார்ந்துகொண்டது. பெரிய பாத்திரத்தில் இருக்கும் தண்ணீரில் ஒரு கரண்டி பாலை ஊற்றினால் என்ன ஆகும்? பாலை யாரும் கொட்டவில்லை, ஆனாலும் பால் எங்கே என்று கேட்டால் காட்ட முடியாது. ஒரு சிறிய பண்பாடு பெரிய பண்பாட்டுக்குள் இப்படிக் கரைக்கப்படுவதற்குத் தன்மயமாக்கல் என்று பெயர். அது மெதுவாக நடக்கும். ஒவ்வொரு படியிலும் சாதாரணமாகத்தான் தெரியும். அதனால்தான் அதைக் கதையில் காட்டுவது போரைக் காட்டுவதைவிடக் கடினம்.

ஜப்பானின் சொந்த வரலாற்றிலேயே இதற்கு இணை இருக்கிறது. வடக்கே ஹொக்கைடோவின் பழங்குடி மக்கள் ஐனு. 1899-இல் அவர்களுக்கென்று ஒரு ‘பாதுகாப்பு’ச் சட்டம் வந்தது. வேட்டையிலும் மீன்பிடியிலும் வாழ்ந்தவர்களை விவசாயிகளாக்குவதும் ஜப்பானிய மொழியில் படிக்கவைப்பதும் அதன் நோக்கம். பெயரில் பாதுகாப்பு, வேலையில் கரைப்பு. அந்தச் சட்டம் 1997 வரை நீக்கப்படவில்லை. ஐனுக்களைப் பழங்குடி மக்கள் என்று ஏற்க வேண்டும் என ஜப்பான் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது 2008-இல். அதைச் சட்டத்தின் வாசகமாகவே எழுதியது 2019-இல். மோரிபிதோ நாவல் வந்த 1996-இல் அந்தப் பழைய சட்டம் இன்னும் உயிரோடு இருந்தது.

அப்படியானால் யாக்கூ என்பது ஐனுவா?

இந்த இடத்தில்தான் அதிகமாகக் குழப்பம் வருகிறது. “யாக்கூ = ஐனு” என்று ஒரு சாரார், “இல்லை, ஆஸ்திரேலியப் பழங்குடிகள்” என்று இன்னொரு சாரார். இரண்டும் கதையைச் சாவி போட்டுத் திறக்கும் பூட்டாக நினைப்பது.

கதையில் வரும் ஒவ்வொன்றும் வெளியே உள்ள ஒன்றுக்கு நேராக நிற்கும்படி எழுதப்படுவதை உருவகக் கதை என்கிறோம். சிங்கம் என்றால் இந்த அரசன், நரி என்றால் அந்த மந்திரி என்று ஒன்றுக்கு ஒன்று பொருந்தும். மோரிபிதோ அப்படி எழுதப்பட்டது இல்லை. தையல்காரர் ஒருவர் பல வீட்டுத் துணிகளுக்கு அளவெடுத்த அனுபவத்தில் ஒரு புதுச் சட்டை தைக்கிறார் என்று வையுங்கள். அந்தச் சட்டை எந்த ஒருவருடைய அளவும் இல்லை. ஆனால் தோள் எங்கே இறங்கும், கை எங்கே மடங்கும் என்று தெரிந்தவர் தைத்தது என்பது போட்டுப் பார்த்தால் தெரியும்.

உயெஹாஷி 2000-இல் தன் ஆஸ்திரேலிய அனுபவத்தை ஒரு புத்தகமாக எழுதினார். அதன் தலைப்பின் பொருள், ‘பக்கத்து வீட்டு அபாரிஜினிகள்: சின்ன ஊரில் வாழும் பழங்குடி மக்கள்’. பாலைவனத்தில் பூமராங்கோடு நிற்கும் படத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு அந்தத் தலைப்பே ஒரு பதில். யாக்கூக்களைப் பாருங்கள். அவர்களும் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். தனி உலகத்தில் உறைந்துபோய் நிற்கவில்லை, யோகோக்களோடு சந்தையில் நிற்கிறார்கள், கல்யாணம் கட்டுகிறார்கள், பாதி மறக்கிறார்கள். தையல்காரரின் கை தெரிகிற இடம் அது.

டோரோகாய் என்ற கிழவி

பழங்குடி அறிவை மதிக்கிறோம் என்று கிளம்பும் கதைகள் விழும் ஒரு குழி உண்டு. எல்லாம் தெரிந்த ஞானி ஒருவர் காட்டில் இருப்பார். நாயகன் போவான், அவர் ரகசியத்தைச் சொல்வார், சொல்லி முடித்ததும் செத்துப்போவார் அல்லது மறைந்துபோவார். மரியாதையாகத்தான் தெரியும். ஆனால் அந்த ஞானிக்கென்று பசி இல்லை, கோபம் இல்லை, தப்பு செய்யும் உரிமை இல்லை. மனிதராக இல்லாமல் ஒரு வழிகாட்டிப் பலகையாக நிற்பார். உயரத்தில் வைத்த ஒப்புச்சேர்க்கை என்று இதைச் சொல்லலாம்.

மோரிபிதோவில் அந்த இடத்தில் இருப்பவள் டோரோகாய், யாக்கூ மந்திரக்காரி. அழுக்கும் சுருக்கமுமாக இருப்பாள், வாய் துடுக்கு, சிரித்தால் காடே அதிரும். டாண்டா அவளுடைய சீடன், திட்டு வாங்கியே வளர்ந்தவன். முக்கியமாக, அவளுக்கு எல்லாம் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்பாள், தேடிப் போவாள், பாதி வழியில் திரும்பி வருவாள்.

இன்னொரு பக்கம் அரண்மனையில் ஷூகா என்ற இளம் விண்மீன் கணிப்பாளர். அரசவையின் அறிஞர்கள் இந்தக் கணிப்பாளர்கள்தான், நாட்காட்டி முதல் ஆட்சி வரை அவர்கள் சொல்படி நடக்கும். ஷூகா ரகசியக் காப்பகத்தில் பேரரசின் தொடக்க காலத்துப் பதிவுகளைப் படித்துக்கொண்டே போகிறான். ஊருக்குச் சொல்லப்பட்ட வெற்றிக் கதையும் அங்கே எழுதி வைத்திருப்பதும் ஒன்றாக இல்லை என்று அவனுக்குப் புரிகிறது. தான் நம்பிய வரலாறு திருத்தப்பட்டது என்று தெரியும்போது ஒரு நேர்மையான படிப்பாளிக்கு வரும் பதற்றம் அவன் முகத்தில் இருக்கிறது. கிழிந்த ஒரு தாளின் பாதி அரண்மனையில், மீதிப் பாதி பாட்டாக மலையூரில். இரண்டும் சேர்ந்தால்தான் படிக்க முடியும். அதற்கு அரண்மனை அறிஞன் யாக்கூக் கிழவியைச் சமமாக நினைத்துப் பேச வேண்டும். ‘படித்தவன் முட்டாள், காட்டுக்காரி ஞானி’ என்று எளிதாக முடிக்காமல், இரண்டு பேரையும் தேட வைத்தது இந்தக் கதையின் பெரிய நேர்மை என்று நினைக்கிறேன்.

சுருக்கமாக: ஒரு மக்களைத் தாழ்த்திக் காட்டுவது எப்படிப் பிழையோ, குறையே இல்லாதவர்களாக உயர்த்திக் காட்டுவதும் அப்படிப் பிழை. இரண்டிலும் மனிதர் காணாமல் போகிறார்.

தொடர் தடுமாறும் இடம்

இவ்வளவு பிடித்த தொடரிலும் எனக்கு உறுத்தும் ஒன்று இருக்கிறது.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் முட்டையைச் சுமந்தது ஒரு யாக்கூக் குழந்தை. இந்த முறை அது யோகோ இளவரசனுக்குள் வருகிறது. கதைக்கு அது தேவை. அரசகுலத்தின் பொய் அரசகுலத்தின் உடம்புக்குள்ளேயே வந்து முட்ட வேண்டும் என்பது அருமையான அமைப்பு. ஆனால் அதன் விளைவாக, யாக்கூக்களின் அறிவு காப்பாற்றுவது யாரை? அவர்களை மறக்கடித்த வம்சத்தின் பிள்ளையை. மழை எல்லாருக்கும்தான் பெய்யும், சரி. ஆனாலும் யாக்கூ ஊரில் நாம் இருக்கும் நேரம் குறைவு. நீராலையில் சாகுமு வளர்வதைப் பல அத்தியாயங்கள் பொறுமையாகப் பார்க்கிறோம். ஒரு யாக்கூப் பிள்ளை வளர்வதை அந்த அளவு பார்க்கவில்லை. அறிவில் அவர்களுக்குப் பங்கு உண்டு. பார்வையில் இல்லை, அல்லது மிகக் குறைவு. டாண்டாவும் டோரோகாயும்தான் அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறார்கள்.

இதனால் தொடரைக் குறைவாக மதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிரதிநிதித்துவத்தைத் தேர்வு மார்க் மாதிரி ‘பாஸ், ஃபெயில்’ என்று போட முடியாது என்பதற்கு இதுவே சாட்சி. ஒரே படைப்பு ஒரு கேள்விக்கு மிக நன்றாகவும் அடுத்த கேள்விக்கு அரைகுறையாகவும் பதில் சொல்லும். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் அதை ஒழுங்காகப் பார்த்ததற்கு அடையாளம்.

முடிவில் மூத்த இளவரசர் இறந்துவிட, சாகுமு பட்டத்து இளவரசனாக அரண்மனைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அவனுக்குப் போக மனமில்லை. ஒருவருக்கு அவன் இளவரசனாகவே தெரிந்தான், இன்னொருவருக்குப் பேய் பிடித்தவனாக, வேறொருவருக்கு முட்டை சுமக்கும் பாத்திரமாக. நாவலில் விடைபெறும் நேரத்தில் அவன் பால்சாவிடம் ஒன்றே ஒன்று கேட்கிறான்: பட்டம் எல்லாம் வேண்டாம், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் போய்வா என்று சொல். அவளும் அப்படியே, பெயர் சொல்லி, அவனை அனுப்பி வைக்கிறாள்.